அசைவுணர் நிகழ்பட ஆட்டங்களும் மணிக்கட்டு வலியும்

அசைவுணர் நிகழ்பட ஆட்ட மணிக்கட்டு வலி என்பது, கையை அசைத்து விளையாடப்படும் நிகழ்பட ஆட்டங்களை நெடுநேரம் ஆடுவதாலோ, பொருந்தாத பிடியுடனும் மிகையான விசையுடனும் ஆடுவதாலோ மணிக்கட்டில் தோன்றும் வலி, விறைப்பு, மரமரப்பு ஆகியவற்றைக் குறிக்கும். இது தனியொரு நோய் அன்று. தசைநாண் அழற்சி, தசைநாண் உறை வீக்கம், நரம்பு அழுத்தம் முதலிய பல நிலைகள் இவ்வாறு வெளிப்படலாம். பொத்தான்களை அழுத்தி ஆடும் ஆட்டங்களில் கட்டைவிரல் மீது விழுந்த சுமையை, அசைவுணர் கருவிகள் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் தோளுக்கும் மாற்றின. எந்த மூட்டு எவ்வளவு சுமையை ஏற்கின்றது என்பது ஆடுபவரின் உடல் வலிமையை மட்டும் பொறுத்ததன்று. கருவி எதனை அளக்கின்றது, ஆட்டம் எத்தகைய அசைவுக்குப் புள்ளி தருகின்றது என்பனவும் அதனை முடிவு செய்கின்றன.

வரலாறு

கையசைவைக் கொண்டு ஆட்டத்தை இயக்கும் முயற்சி 1980களிலேயே தொடங்கிவிட்டது. நின்டெண்டோ நிறுவனத்தின் ஆட்ட இயந்திரத்துக்காக மேட்டல் நிறுவனம் 1989 ஆம் ஆண்டில் வெளியிட்ட பவர் குளோவ் என்னும் கையுறை அவற்றுள் ஒன்றாகும். எனினும் அசைவுணர் ஆட்டங்கள் பொதுமக்களிடையே பரவியது 2006 நவம்பரில் வெளியான வீ ஆட்ட இயந்திரத்துக்குப் பின்னரே ஆகும். இதன் கைக்கருவி தொலைக்காட்சித் தொலையியக்கியைப் போன்ற தோற்றம் உடையது. இவ்வியந்திரத்துடன் பல நாடுகளில் சேர்த்து வழங்கப்பட்ட வீ இசுப்போர்ட்சு என்னும் ஆட்டத் தொகுப்பில் டென்னிசு, பேசுபால், பந்துருட்டல், கோல்ஃப், குத்துச்சண்டை ஆகிய ஐந்து ஆட்டங்கள் இருந்தன. அதுவரை நிகழ்பட ஆட்டங்களை ஆடியிராத முதியோரும் இவற்றை ஆடினர். வீ இயந்திரத்தின் மொத்த விற்பனை 10 கோடியைக் கடந்தது.

2010 ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் பிளேஸ்டேசன் மூவ் கருவியையும், மைக்ரோசாப்ட் நிறுவனம் கைக்கருவி ஏதும் இன்றி ஒளிப்படக்கருவியால் உடலசைவை அறியும் கினெக்ட் கருவியையும் வெளியிட்டன. கினெக்டின் உற்பத்தி 2017 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் நின்டெண்டோ சுவிட்ச் இயந்திரம், ஜாய்-கான் எனப்படும் இரு சிறு கைக்கருவிகளுடன் வெளிவந்தது. தலையில் அணியும் மெய்நிகர் காட்சிக் கருவிகளும் கைப்பேசிகளும் இன்று அசைவுணர் ஆட்டங்களுக்கான முதன்மைக் களங்களாக உள்ளன.

கருவி அசைவை அறியும் முறை

வீ கைக்கருவியில் முடுக்கமானி என்னும் உணரி அமைந்துள்ளது. இது சிலிக்கானில் செதுக்கப்பட்ட நுண்ணிய எடையொன்று அசைவின்போது எவ்வளவு விலகுகின்றது என்பதைக் கொண்டு முடுக்கத்தை அளக்கின்றது. இதனால் கை எங்கே இருக்கின்றது என்பதை நேரடியாக அறிய முடியாது. முடுக்கத்திலிருந்து இடத்தைக் கணிக்க இருமுறை தொகையிடல் வேண்டும். அவ்வாறு செய்யும்போது உணரியின் சிறு பிழைகளும் விரைவில் பெருகிவிடும். எனவே தொடக்ககால வீ ஆட்டங்கள் பெரும்பாலும் முடுக்கத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டும் கொண்டு, மட்டை வீசப்பட்டதா இல்லையா என்று முடிவு செய்தன.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் ஏற்பட்டன. முதலாவது, முழுக் கையையும் வீசுவதற்கும் மணிக்கட்டைச் சட்டென்று சுண்டுவதற்கும் கருவி ஏறத்தாழ ஒரே பொருள் கொண்டது. வெல்ல விரும்பியவர்கள் குறைந்த நேரத்தில் முடியும் சுண்டலையே பழகிக்கொண்டனர். தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகிய மூன்றும் பகிர வேண்டிய வேலை இவ்வாறு மணிக்கட்டில் மட்டும் குவிந்தது. இரண்டாவது, இவ்வுணரி புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வரை அளப்பதற்கென்று வடிவமைக்கப்பட்டது. கையை நீட்டி வேகமாக வீசும்போது இவ்வெல்லை எளிதில் கடக்கப்படும். அதற்கு மேல் எவ்வளவு வலிமையுடன் வீசினாலும் ஆட்டத்துக்குக் கூடுதல் செய்தி எதுவும் கிடைப்பதில்லை. வலிமை முழுவதும் மூட்டுகளுக்கே செல்கின்றது.

2009 ஆம் ஆண்டில் வெளியான வீ மோசன்பிளசு என்னும் இணைப்பு, ஜைரோஸ்கோப் எனப்படும் சுழல்காட்டியைச் சேர்த்தது. இதனால் கைக்கருவி எப்பக்கம் எவ்வளவு திரும்புகின்றது என்பதையும் அறிய முடிந்தது. பின்னர் வந்த கருவிகளில் முடுக்கமானியும் சுழல்காட்டியும் சேர்ந்தே அமைகின்றன.

மருத்துவ இதழ்களில் பதிவானவை

நிகழ்பட ஆட்டங்களால் ஏற்படும் கைவலி பற்றிய குறிப்புகள் நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழில் கடித வடிவில் பல காலமாக வெளிவந்துள்ளன. அவற்றுள் மூன்று இங்குக் குறிப்பிடத்தக்கவை.

1981: டிமோத்தி மெக்கோவன் "விண்வெளி ஆக்கிரமிப்பாளர் மணிக்கட்டு" என்ற பொருள்படும் பெயரில் ஒரு கடிதம் எழுதினார். இசுபேசு இன்வேடர்சு ஆட்டத்தைத் தொடர்ந்து ஆடியதால் உண்டான மணிக்கட்டு வலி அதில் பதிவானது.

1990: ரிச்சர்டு பிராசிங்டன் "நின்டெண்டினைட்டிசு" என்ற பெயரை வழங்கினார். தம் பிள்ளைக்கு வாங்கிய ஆட்ட இயந்திரத்தில் ஐந்து மணி நேரம் இடைவிடாது ஆடிய 35 அகவைப் பெண்ணொருவரின் வலது கட்டைவிரலில் ஏற்பட்ட கடும் வலியே இதன் பின்னணி ஆகும்.

2007: எசுப்பானிய மருத்துவர் ஊலியோ போனிசு "வீ-ஐட்டிசு" என்ற பெயரில் எழுதினார். பல மணி நேரம் வீ டென்னிசு ஆடிய 29 அகவை மருத்துவர் ஒருவர், மறுநாள் காலை வலது தோளில் கடும் வலியுடன் எழுந்தார். தோளின் பின்புறத் தசையொன்றின் தசைநாணில் அழற்சி இருப்பது கண்டறியப்பட்டது. ஒரு வாரம் ஐபுபுரோஃபென் மருந்தும், ஆட்டத்தை முற்றிலும் நிறுத்துவதும் சிகிச்சையாக அமைந்தன. அவர் முழுமையாகக் குணமடைந்தார்.

இம்மூன்றையும் ஒப்பிட்டு நோக்கினால், கருவி மாறும்போது வலிக்கும் இடமும் மாறுவதைக் காணலாம். மூன்றிலும் பொதுவாக இருப்பது இடைவெளியற்ற ஆட்டமே ஆகும். மெய்யான டென்னிசில் பந்து பொறுக்குதல், பக்கம் மாறுதல், மூச்சு வாங்குதல் ஆகியவை இயல்பாகவே ஓய்வு தருகின்றன. ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள மட்டை, கை களைத்துவிட்டதை விரைவில் உணர்த்துகின்றது. மின்கலங்களுடன் சேர்த்தும் 150 கிராமுக்குக் குறைவான வீ கைக்கருவி அவ்வாறு உணர்த்துவதில்லை. மேலும், பந்தைத் தடுக்கும்போது மட்டையின் வேகம் ஓரளவு பந்தால் உறிஞ்சப்படும். வெறுங்காற்றில் வீசும் கையை ஆடுபவரின் தசைகளே இழுத்து நிறுத்த வேண்டியுள்ளது. சிலம்பம் பயில்வோர் முதலில் காலடிகளையும் மெதுவான சுழற்சியையும் பழகி, நாளடைவில் வேகத்தைக் கூட்டுவர். நிகழ்பட ஆட்டத்தில் இத்தகைய படிமுறை இன்றி முதல் நாளே முழு வேகத்தில் ஆடப்படுகின்றது.

மணிக்கட்டின் அமைப்பும் வலியின் வகைகளும்

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உள்ளன. விரல்களை இயக்கும் தசைகளில் பல முன்கையில் இருப்பதால், அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டின் குறுகிய வழிகளின் ஊடாகவே விரல்களை அடைகின்றன. மணிக்கட்டு முன்னும் பின்னும் நன்கு மடங்கும். ஆனால் பக்கவாட்டில் கட்டைவிரல் பக்கம் ஏறத்தாழ 20 பாகை, சுண்டுவிரல் பக்கம் ஏறத்தாழ 30 பாகை மட்டுமே சாயும். மட்டை, வாள், தூண்டில் ஆகியவற்றை வீசுவது போன்ற அசைவுகள் இக்குறுகிய எல்லையின் விளிம்பைத் தொடுகின்றன.

டி கெர்வேன் நோய்: கட்டைவிரலை விரிக்கவும் நீட்டவும் உதவும் இரு தசைநாண்களின் உறை தடிப்பதால் உண்டாவது. சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் பிரிட்சு டி கெர்வேன் 1895 ஆம் ஆண்டில் இதனை விளக்கினார். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் வலி இருக்கும். கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாரிடமும் இது காணப்படுகின்றது. கட்டைவிரலைப் பிடித்து, கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்துப் பார்க்கும் ஃபிங்கெல்ஸ்டைன் சோதனை மூலம் மருத்துவர்கள் இதனை அறிகின்றனர்.

மணிக்கட்டுக் குகை நோய்: மணிக்கட்டின் உட்புறத்திலுள்ள குறுகிய குகையின் வழியாக ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் செல்கின்றன. தசைநாண்கள் வீங்கினால் நரம்பு நெருக்கப்படும். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி ஆகியவற்றில் மரமரப்பு தோன்றும். சுண்டுவிரலில் அது இராது. இரவில் உறக்கம் கலையும் அளவுக்கு மிகுவது இதன் இயல்பாகும். ஆட்டம் ஒன்றே இந்நோயை உண்டாக்கும் என்று கூற இயலாது. நீரிழிவு, தைராய்டு குறைபாடு, கருவுற்றிருத்தல் ஆகியனவும் இதற்கு இடமளிக்கின்றன.

சுண்டுவிரல் பக்க வலி: முன்கையைத் திருப்பும் அசைவு மிகும்போது அப்பக்கமுள்ள முக்கோண வடிவ நார்க்குருத்தெலும்பு தேயவோ கிழியவோ கூடும். கதவுப்பிடியைத் திருகும்போது வலி தெரியும்.

முழங்கை வலி: மணிக்கட்டைப் பின்னோக்கி வளைக்கும் தசைகள் முழங்கையின் வெளிப்புறத்தில் தொடங்குகின்றன. ஆகையால் மணிக்கட்டுக்கு மிகையான வேலை தரப்படும்போது முழங்கையிலும் வலி எழலாம். இது டென்னிசு முழங்கை எனப்படும். துடுப்பாட்டக்காரர் சச்சின் டெண்டுல்கர் இதற்காக 2005 ஆம் ஆண்டில் அறுவை செய்துகொண்டார்.

வலியின்றி ஆடும் முறை

பிடி: கைக்கருவி நழுவாத அளவுக்கு மட்டும் பிடித்தால் போதுமானது. இறுகப் பிடித்தால் முன்கைத் தசைகள் ஆட்டம் முழுவதும் சுருங்கியே இருக்கும். கைக்கருவி பறந்துபோகும் அச்சமே இறுகப் பிடிப்பதற்கு ஒரு காரணமாகும். வீ வெளியான சில வாரங்களிலேயே அதன் மணிக்கட்டு வார்கள் அறுந்து கருவிகள் தொலைக்காட்சியில் மோதியதாகப் புகார்கள் எழுந்தன. 2006 டிசம்பரில் நின்டெண்டோ 32 இலட்சம் வார்களைத் தடித்த வார்களாக மாற்றித் தர முன்வந்தது. 2007 அக்டோபரில் வழுக்காத சிலிக்கோன் உறையையும் இலவசமாக வழங்கத் தொடங்கியது. வாரை அணிந்து, உறையும் போட்டுக்கொண்டால் பிடியைத் தளர்த்த முடிகின்றது.

மணிக்கட்டின் நிலை: கையும் முன்கையும் ஒரே நேர்கோட்டில் இருப்பதே மணிக்கட்டுக்கு மிகக் குறைந்த சுமை தரும் நிலை. திரையைச் சுட்டும் ஆட்டங்களில் முழங்கையை உடலோடு ஒட்டி மடித்து, முன்கையை முழுமையாகத் திருப்பிச் சுட்டுவது நல்லது. கையை அந்தரத்தில் நீட்டிப் பிடித்தால் தோளும் விரைவில் களைத்துவிடும்.

அசைவு: டென்னிசு போன்ற ஆட்டங்களில் மணிக்கட்டைச் சுண்டாமல், தோளிலிருந்து மெதுவான, முழுமையான வீச்சாக அசைத்தால் சுமை மூன்று மூட்டுகளிலும் பரவும். வேகமாக வீசுவதை விட, உரிய நேரத்தில் வீசுவதே இவ்வாட்டங்களில் கூடுதல் பயன் தருகின்றது.

அமைப்புகள்: பல ஆட்டங்களில் உணர்திறனைக் கூட்டும் வசதி உண்டு. உணர்திறனைக் கூட்டினால் சிறிய திருப்பமே போதுமானதாகின்றது. அதனை அளவுக்கு மீறிக் கூட்டினால், கையை அசையாது நிறுத்தி வைக்கவே தசைகள் உழைக்க நேரிடும். ஆகவே இடைப்பட்ட அளவே பொருத்தமானது.

ஓய்வு: களைப்புத் தோன்றாவிடினும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 முதல் 15 நிமிடங்கள் வரை நிறுத்தவேண்டும் என்று நின்டெண்டோவின் பாதுகாப்புக் குறிப்பு கூறுகின்றது. கையோ மணிக்கட்டோ வலித்தால் சில மணி நேரம் ஆடாதிருக்கவும் அது அறிவுறுத்துகின்றது. கைகளை மாற்றி ஆடுவதும், வெவ்வேறு வகை ஆட்டங்களை மாறி மாறி ஆடுவதும் உதவும்.

மணிக்கட்டுப் பட்டை அணிந்துகொண்டு ஆட்டத்தைத் தொடர்வது தீர்வாகாது. பட்டை வலிக்கும் மூட்டுக்கு ஓய்வு தருவதற்கானது. அதனை அணிந்து வீசும்போது சுமை முழங்கைக்கு இடம் பெயர்கின்றது.

ஆட்ட வடிவமைப்பின் பங்கு

ஆடுபவர் எவ்வளவு கவனமாக இருப்பினும், ஆட்டம் எதற்குப் புள்ளி தருகின்றதோ அதனையே கை பழகிக்கொள்ளும். 2018 ஆம் ஆண்டில் வெளியான பீட் சேபர் என்னும் மெய்நிகர் ஆட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். இசைக்கேற்ப வரும் கட்டைகளை ஒளிவாளால் வெட்டும் இவ்வாட்டத்தில், ஒரு கட்டைக்கான 115 புள்ளிகளில் 100 புள்ளிகள் வீச்சின் கோணத்தைப் பொறுத்தவை. முழுப் புள்ளி பெற, வெட்டுவதற்கு முன் 100 பாகையும் பின் 60 பாகையும் வாள் சுழல வேண்டும். பக்கவாட்டில் மணிக்கட்டு மட்டும் இக்கோணத்தை எட்ட இயலாது. ஆகவே முன்கையும் தோளும் பங்கேற்க நேர்கின்றது. எனினும் மிகுவேகப் பாடல்களில் வீரர்கள் மணிக்கட்டையே பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

மணிக்கட்டு ஊனமுற்றோருக்கும் நாட்பட்ட வலி உடையோருக்கும், அசைவை அணைத்துவிட்டு ஆடும் வழி உண்டா என்பதே முதன்மையான கேள்வியாகும். 2011 ஆம் ஆண்டில் வீ இயந்திரத்துக்கு வெளியான செல்டா வரிசையின் இசுகைவர்டு சோர்டு ஆட்டத்தை மோசன்பிளசு இன்றி ஆடவே முடியாது. வாள் வீச்சின் திசை அதில் ஆட்டத்தின் உயிர்நாடியாக இருந்தது. அதே ஆட்டம் 2021 ஆம் ஆண்டில் சுவிட்ச் இயந்திரத்துக்கு மறுவெளியீடு செய்யப்பட்டபோது, பொத்தான்களையும் குச்சியையும் மட்டும் கொண்டு ஆடும் முறை சேர்க்கப்பட்டது. சுவிட்ச் இயந்திரத்தில் 2020 ஏப்ரல் முதல் பொத்தான்களின் பணியை இடம் மாற்றிக்கொள்ளவும் முடிகின்றது. மைக்ரோசாப்ட் 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட எக்சுபாக்சு தகவமைப்புக் கருவி, கையின்றிக் காலாலும் முழங்கையாலும் அழுத்தக்கூடிய வெளிப்பொத்தான்களை இணைக்க இடமளிக்கின்றது.

கைப்பேசி ஆட்டங்கள்

தமிழகத்தின் சிற்றூர்களில் ஆட்ட இயந்திரங்கள் அரிது. அங்கு அசைவுணர் ஆட்டம் என்பது பெரும்பாலும் கைப்பேசியைச் சாய்த்து வண்டி ஓட்டுவதும், சுழல்காட்டியால் குறிபார்ப்பதும் ஆகும். 2021 சூலையில் இந்தியாவில் வெளியான பேட்டில்கிரவுண்ட்சு மொபைல் இந்தியா ஆட்டத்தில் சுழல்காட்டிக் குறிபார்ப்பைத் தேர்ந்துகொள்ளும் வசதி உள்ளது. 18 அகவைக்கு உட்பட்டோர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டுமே ஆடலாம் என்ற வரம்புடன் அது வெளியிடப்பட்டது. கைப்பேசி ஆட்டத்தில் பெருவீச்சு இல்லை. மாறாக, இரு மணிக்கட்டுகளும் மடங்கிய நிலையில் அசையாது நிற்க, கட்டைவிரல்கள் மட்டும் ஓயாது இயங்குகின்றன. படுத்துக்கொண்டு ஆடும்போது கைப்பேசியின் எடை முழுவதையும் மணிக்கட்டுகளே தாங்குகின்றன. மேசையிலோ தலையணை மீதோ முன்கைகளை ஊன்றிக்கொண்டால் இச்சுமை குறையும்.

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சி இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். கோட்டைக்குப் பெயர்பெற்ற இவ்வூர், நெல்லும் மணிலாவும் பெருமளவில் விற்கப்படும் வேளாண் சந்தையும் ஆகும். நெல் அறுத்தல், களை பறித்தல், மணிலாக் காய் ஆய்தல், மூட்டை தூக்குதல் ஆகிய இவ்வட்டார வேலைகள் யாவும் மணிக்கட்டைச் சார்ந்தவை. தசைநாணுக்கு வேலை வேறு, விளையாட்டு வேறு என்ற வேறுபாடு இல்லை. இரண்டும் ஒரே கணக்கில் சேர்கின்றன. பகலில் வயலிலோ பட்டறையிலோ உழைத்த கை, இரவில் இரண்டு மணி நேரம் கைப்பேசியைப் பிடித்திருக்குமானால், அதற்கு உரிய ஓய்வு கிடைப்பதில்லை. மென்பொருள் துறையில் விசைப்பலகையில் பணிபுரிவோருக்கும் இது பொருந்தும். மணிக்கட்டு வலியால் கூலி வேலை தடைப்படும் குடும்பத்தில், அவ்வலி பொழுதுபோக்கின் சிறு தொல்லையாக நின்றுவிடுவதில்லை.

மறுவாழ்வுச் சிகிச்சையில் பயன்பாடு

வலியை உண்டாக்கக்கூடிய அதே கருவிகள், பக்கவாதத்தால் செயலிழந்த கைக்குப் பயிற்சி தரவும் பயன்படுத்தப்பட்டுள்ளன. எவரெசுட்டு எனப்படும் ஆய்வின் முடிவுகள் 2016 ஆம் ஆண்டில் லான்செட் நரம்பியல் இதழில் வெளியாயின. கனடா, அர்கெந்தீனா, பெரு, தாய்லாந்து ஆகிய நாடுகளைச் சேர்ந்த 141 நோயாளிகள் இதில் பங்கேற்றனர். வழக்கமான சிகிச்சையுடன், ஒரு பிரிவினர் இரு வாரங்களில் பத்து முறை, ஒவ்வொரு மணி நேரம் வீ ஆடினர். மறு பிரிவினர் அதே நேரத்தில் சீட்டாட்டம், பிங்கோ, செங்கா போன்ற எளிய ஆட்டங்களை ஆடினர். இரு பிரிவினரின் முன்னேற்றமும் ஒத்தே இருந்தது. கருவியின் புதுமையை விட, கையைத் திரும்பத் திரும்ப அளவோடு இயக்குவதே பயன் தருகின்றது என்று இதனைப் புரிந்துகொள்ளலாம்.

மருத்துவரை அணுக வேண்டிய நிலைகள்

புதிதாகத் தோன்றிய இலேசான வலிக்கு, சில நாட்கள் ஆட்டத்தை நிறுத்துவதும், துணியில் சுற்றிய பனிக்கட்டியை 10 முதல் 15 நிமிடங்கள் வைப்பதும் போதுமானவை. பின்வரும் நிலைகளில் மருத்துவரைக் காண்பது இன்றியமையாதது:

* இரண்டு வார ஓய்வுக்குப் பின்னரும் வலி தணியாமை
* விரல்களில் மரமரப்பு, குறிப்பாக இரவில்
* பிடிமானம் குறைந்து பொருட்கள் கைநழுவி விழுதல்
* வீக்கம், சிவப்பு, காய்ச்சல்
* விழுந்து கையை ஊன்றிய பின் வலி

கடைசியில் கூறப்பட்ட நிலை தனிக் கவனத்துக்கு உரியது. தலையில் காட்சிக் கருவி அணிந்து ஆடுவோர் சுற்றுப்புறத்தைக் காண இயலாமையால் இடறி விழுவதுண்டு. கையை ஊன்றி விழும்போது, கட்டைவிரலின் அடியிலுள்ள படகெலும்பு முறியக்கூடும். முதலில் எடுக்கும் ஊடுகதிர்ப் படத்தில் இம்முறிவு தெரியாமல் போகலாம். இவ்வெலும்புக்குக் குருதியோட்டம் குறைவாதலால், கவனிக்கப்படாத முறிவு கூடாமலே நின்று, மூட்டு நிலையாகப் பழுதடையும். ஆகவே சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து நீவுவதற்கு முன், முறிவு இல்லை என்பதை உறுதி செய்துகொள்வது அவசியம். படம் தெளிவாக இருந்தும் வலி நீடித்தால், பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் மீண்டும் படம் எடுக்கப்படும்.

செஞ்சி வட்டாரத்தில் உள்ளோர் செஞ்சி அரசு மருத்துவமனையை முதலில் அணுகலாம். முண்டியம்பாக்கத்தில் அமைந்துள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலும் எலும்பு மூட்டுச் சிகிச்சைப் பிரிவுகள் இயங்குகின்றன. டி கெர்வேன் நோய்க்குக் கட்டைவிரலையும் தாங்கும் பட்டை, இசுடீராய்டு ஊசி ஆகியவை பெரும்பாலும் பலனளிக்கின்றன. அவற்றால் குணமாகாத சிலருக்கே தசைநாண் உறையைத் திறந்துவிடும் சிறு அறுவை தேவைப்படுகின்றது.

இவற்றையும் பார்க்க

* தசைநாண் அழற்சி
* முடுக்கமானி
* நிகழ்பட ஆட்டம்
* பணிச்சூழலியல்